மார்கழிக்கு முன்னால் கொடுத்த சாவி

புதிதாக வீட்டுக் கோப்புகளைக் கையில் எடுத்திருக்கும் இளம் வக்கீல்களான உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வக்கீல் சங்கத்தில் கேட்டார்கள். படிவம் நிரப்புவது எப்படி, முத்திரை வரியை எத்தனை நாளுக்குள் கட்டுவது, நில அலுவலகத்தில் எந்தக் கவுண்டரில் போய் நிற்பது என்பதெல்லாம் இதில் வராது. அதை உங்கள் அலுவலகத்துக் குமாஸ்தாவான கிராணி என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். ஒரு கோப்பை தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நன்றாகச் சொல்லித் தருவார்.

நான் மலாக்கா பட்டணத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் முப்பத்தோரு வருஷம் வக்கீலாக உட்கார்ந்து, வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திர வேலை பார்த்தேன். சரியாக முடிந்த கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட இப்போது முழுதாக ஞாபகம் வரவில்லை. தப்பாகப் போன ஒன்று மட்டும் அட்டையின் நிறத்தோடு நினைவில் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்தது என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஆனால் அப்போது எனக்கு இருபது வருஷ அனுபவம் ஆகியிருந்தது. புதியவர்கள் பயந்து பயந்து ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பார்கள். எனக்கு அந்தப் பயம் போய்விட்டிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை, சறுக்கினது மட்டும் உண்மை.

முதலில் என் அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். அதனால் தோட்டத்து ஆட்கள் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் செருப்புகள் வரிசை கட்டி நிற்கும். வக்கீல் ஆபீசுக்குள் செருப்போடு வரலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், மரவள்ளிக்கிழங்கு, பழக் காலத்தில் ஒரு பை ரம்புத்தான் என்று ஏதாவது கையில் இருக்கும். நான் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுப்பேன். யாரும் என்னை வக்கீல் என்று கூப்பிட்டதில்லை, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை அதிகம். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் இளகிவிடுகிறது. இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே நடக்கிறது, மாடிப்படியில் செருப்பைக் காணோம்.

அதே வரிசையில் நாலு கடை தள்ளி இன்னொரு வக்கீல் அம்மாள் இருந்தார். அவரும் தமிழர்தான், என் வயதுதான், என்னோடு ஒன்றாகப் படித்தவர். அவர் ஆபீசில் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று ஊரில் பேச்சு. கடிதம் எழுதினால் கல்லை எறிவதுபோல் எழுதுவார். அவரிடம் போனவர்கள் திரும்பி வந்து என்னிடம் குறை சொல்வார்கள். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன், அதை மறைக்கப்போவதில்லை.

லெட்சுமியும் அவள் கணவன் முனியாண்டியும் என்னிடம் வந்தது ஓர் ஐப்பசி மாதத்தில். லெட்சுமி குருபோங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். முனியாண்டி இன்னொரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டினான். குடியிருந்ததோ செலண்டாருக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில். லெட்சுமியின் மாமனார் காலத்திலிருந்தே அந்த வீடுதான். தோட்டத்தை வாங்கிய புதிய கம்பெனி, வருஷக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டது. இருவரும் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து, டுரியான் துங்காலில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசையாகக் கட்டிய ஒற்றைத் தள டெரஸ் வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

விற்கிறவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். யாழ்ப்பாணத் தமிழர், எழுபது வயதைத் தாண்டியவர். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி போனபிறகு அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பட்டணத்தில் தம்பி வீட்டில் இருந்தார். வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவில் மகளோடு போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் எப்போதும் ஒரு குடை. பேச்சில் ஒரு வார்த்தை பிசகாது.

மாஸ்டர் தனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. "ஒரு வீட்டுக்கு ஏன் ரெண்டு வக்கீல்? நீங்களே பாருங்கோ பிள்ளை" என்றார். இப்படிச் சொல்கிறவர்களை நீங்களும் வாரத்துக்கு ஒருவரையாவது பார்ப்பீர்கள். நான் முறைப்படி ஒரு கடிதம் கொடுத்தேன். நான் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் வக்கீல், உங்களுக்கு நான் ஆலோசனை சொல்ல முடியாது, வேண்டுமென்றால் நீங்கள் தனியாக வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டார். நான் அதைக் கோப்பில் குத்தி வைத்தேன். கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்து விழுக்காடு முன்பணம் கொடுத்தாயிற்று. மீதிக்கு வங்கி கடன் தருவதாகக் கடிதம் வந்தது. வங்கி பணத்தை விடுவித்து, அது மாஸ்டர் கைக்குப் போன பிறகுதான் சாவி. இது உங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பணம் வருவதற்கு ஜனவரி ஆகிவிடும்.

கார்த்திகை பாதி தாண்டியதும் லெட்சுமி ஆபீசுக்கு வந்தாள். அன்றைக்கு நல்ல மழை. நனைந்த சேலையோடு நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"அக்கா, இன்னும் பத்து நாள்ல மார்கழி பொறந்துடும். மார்கழில யாரு வீடு குடி போவா? தை வரைக்கும் லயத்துல விட மாட்டாங்க. இப்பவே தண்ணிய ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தொறக்கறாங்க."

"பேங்க் காசு வராம சாவி கேக்க முடியாது லெட்சுமி."

"குடி போவ வேணாம்கா. வெள்ளிக்கிழம நல்ல நாளு. காலைல போயி பால் மட்டும் காச்சிட்டு சாவிய குடுத்துடறோம். பால் காச்சிட்டா அப்புறம் மார்கழில சாமான ஏத்தினாலும் குத்தமில்ல. அத மட்டும் மாஸ்டர்கிட்ட கேட்டுக் குடுங்க அக்கா."

நம் ஆட்களோடு வேலை செய்கிற உங்களுக்கு இது விளங்கும். சட்டத்தில் ஒரு வீடு கைமாறுவது பதிவேட்டில் பெயர் ஏறும் நாளில். லெட்சுமிக்கு அது கைமாறுவது புதுப்பானையில் பால் பொங்கி வழியும் நாளில். ஒரு வக்கீல் இந்த இரண்டு தேதிகளையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் முதல் தேதியை மட்டும்தான் குறித்து வைத்திருந்தேன். இரண்டாவது என் மேசைக்கு வந்து நின்றபோது, எங்கள் அம்மா லயத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றதுதான் கண்ணில் தெரிந்தது. என் மனம் அங்கேயே போய்விட்டது.

லெட்சுமியை உட்கார வைத்து, அவள் எதிரிலேயே மாஸ்டருக்குப் போன் செய்தேன். ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் சாவி கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"அதிலை ஏதும் பிழை இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஒண்ணும் இல்ல மாஸ்டர். பால் காய்ச்சத்தான்."

"நீங்கள் சொன்னாச் சரி."

இந்த மூன்று வார்த்தைகளை நன்றாகக் கவனியுங்கள். என் காதிலும் அவை தெளிவாகத்தான் விழுந்தன. அவர் என்னைத் தன் வக்கீலாக நினைத்துக் கேட்கிறார், நான் தன் வக்கீலாகப் பதில் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார் என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. திருத்த வேண்டியது என் வேலை. திருத்தினால் சாவி கிடைக்காது. திருத்தவில்லை. ஒரு வரி கடிதம்கூட எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் போனேன். அந்தக் காலையை நான் பழி சொல்ல மாட்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது. காலி வீட்டில் சாம்பிராணிப் புகை, ஈரத்தில் வழுக்கும் சிமெண்டுத் தரை, வாசலில் லெட்சுமி போட்ட கோலம். மழை விட்டிருந்தது. பால் பொங்கியபோது தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் குலவை இட்டார்கள், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மாஸ்டரும் குடையோடு வந்திருந்தார். முதல் டம்ளர் பாலை லெட்சுமி அவருக்குத்தான் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மனைவி ஞாபகம் வந்திருக்கும். பிறகு என்னிடம், "நல்ல ஆக்களிட்டத்தான் வீட்டைக் குடுக்கிறன்" என்றார்.

சாவியை அன்று யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை லெட்சுமி சந்தோஷமாகப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையே லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்களாம். லயத்தில் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள். நான் மறுபடியும் மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். பூட்டிக் கிடக்கிற வீடுதானே, நீங்கள் சொன்னாச் சரி. நான் மறுபடியும் திருத்தவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் முனியாண்டியின் வேலை போனது. அவன் லோரி ஓட்டிய தொழிற்சாலை அந்த வேலையை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டது. வங்கி பணத்தை விடுவிப்பதற்கு முன்னால் வேலை செய்யும் இடத்துக்குப் போன் செய்து கேட்டது. அடுத்த வாரம் கடனை ரத்து செய்து கடிதம் வந்துவிட்டது. கல்யாணத்தைப் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்றவர்கள் வீட்டை வாங்கிப்பார் என்று சொல்லாமல் விட்டார்கள். அவர்கள் காலத்தில் வங்கிக் கடிதம் இல்லை.

நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒப்பந்தப்படி பணம் கட்ட முடியாதது லெட்சுமி பக்கத்துக் குற்றம். மாஸ்டர் ஒப்பந்தத்தை முறித்தால் முன்பணம் அவருக்குப் போய்விடும். அது அந்தக் குடும்பம் இருபது வருஷம் சேர்த்த பணம். அவர்கள் அந்த வீட்டில் இருப்பதற்குத் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. லயத்தையோ அதற்குள் மண்வாரி வைத்து இடித்துவிட்டார்கள். போக இடமில்லை. மாஸ்டர் பக்கம் பார்த்தால், அவர் வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள், விலை வரவில்லை, வேறு யாருக்கும் காட்டி விற்கவும் முடியாது, மகள் அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் இந்த நிலைக்கு வந்தது என் ஒரு போன் பேச்சால்.

வங்கிக் கடிதம் வந்த இரண்டாம் நாள் மாஸ்டர் மாடிப்படி ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் ஒவ்வொரு நாளும் போன் செய்கிறாள் என்றார். பிறகு கேட்டார்.

"இப்ப நான் என்ன செய்யவேணும்? நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை."

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கொஞ்சம் பொறுங்கள் மாஸ்டர், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவர் பொறுத்திருப்பார். என் கட்சிக்காரர்கள் வீட்டில் இருந்திருப்பார்கள், முன்பணம் தப்பியிருக்கும். என் தப்பும் யாருக்கும் தெரிந்திருக்காது. கேட்கிறவர்களுக்கு அது இரக்கமான பேச்சாகவும் இருந்திருக்கும். வார்த்தை என் நாக்கில் வந்துவிட்டது. மைலோ கலக்கப் போகிறேன் என்று எழுந்து உள்ளே போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

லெட்சுமியின் வக்கீலாக நான் அவளுக்குக் கெடுதல் செய்யக்கூடாது. அது சரி. ஆனால் என்னைத் தன் வக்கீல் என்று நம்பி வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரை, அந்த நம்பிக்கையை வைத்தே கட்டிப்போடுவதற்கு எனக்கு உரிமை கிடையாது. அப்படி ஒரு தடவை செய்தாயிற்று. ஒரு காலைப் பொழுதுக்கு என்று சொல்லிச் செய்தேன், அது எங்கே கொண்டுவந்து விட்டது என்று பார்த்தாயிற்று. வெறும் கையோடு வெளியே வந்தேன்.

"மாஸ்டர், அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. நான் லெட்சுமிக்கு வக்கீல். உங்க வக்கீல் இல்ல. நீங்க இன்னைக்கே ஒரு வக்கீலப் பாக்கணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு விளங்கவில்லை என்பதுபோல் இரண்டு மூன்று தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப சாவியைக் குடுக்கச் சொன்னது?"

"அது நான் செஞ்ச தப்பு. அத உங்ககிட்ட நான் கேட்டிருக்கக் கூடாது."

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் ஆருக்கு வக்கீல்?"

நான் கோப்பைத் திறந்து, அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டினேன். எவ்வளவு அற்பமான காரியம் என்று இப்போது தெரிகிறது. அவர் அதைத் தொடவில்லை.

"நான் வாசிச்சனான் பிள்ளை. படிப்பிச்ச மனிசன், எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனா நீங்கள் என்னோட நல்லாக் கதைச்சனீங்கள்."

நாலு கடை தள்ளி இருக்கிற வக்கீல் அம்மாளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்த வட்டாரத்தில் எனக்கு எதிராக நிற்பதற்கு அவரைவிடக் கடுமையான ஆள் கிடையாது. அது தெரிந்துதான் எழுதினேன். மாஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்றைக்கு அழுதேன்.

மறுநாள் டுரியான் துங்காலுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். முனியாண்டி வாசல் இரும்புக் கதவுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தான். லெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவி விஷயத்தில் தப்பு என்னுடையது என்றும், மாஸ்டரை வேறு வக்கீலிடம் அனுப்பிவிட்டேன் என்றும், நீங்களும் வேண்டுமானால் வேறு வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

"வீட்ட விட்டுப் போவச் சொல்றீங்களா அக்கா?"

"நான் சொல்லல. அவர் சொன்னா போகத்தான் வேணும்."

"பால் காச்சின வீடு."

"தெரியும் லெட்சுமி."

"அவரு நம்ம பேச்ச கேக்கற மனுசன்தான? நீங்க ரெண்டு வார்த்த நல்லபடியா சொன்னா கேட்டிருப்பாரே. நீங்களே போயி அவரு கையில கத்தியக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலைப் பார்த்தேன். வேறு வக்கீல் தேடுகிறாளா என்று கேட்டதற்கு, இந்த நேரத்தில் யாரைப் போய்த் தேடுவது என்றாள். வழக்கமாக வந்த உடனே தண்ணீர் கொடுப்பவள், அன்றைக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வக்கீல் அம்மாளின் கடிதம் வந்தது. மூன்று பக்கம். பதினான்கு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், முன்பணம் பறிமுதல், குடியிருந்த நாளுக்கு வாடகை வேறு. எதிர்பார்த்ததுதான். அரைமணி நேரத்தில் அவரே போன் செய்தார்.

"கடுதாசி கெடச்சதா?"

"கெடச்சது."

"அது என் ஆளோட உரிமை என்னன்னு அவருக்கும் தெரியணும், ஒனக்கும் தெரியணும்னு எழுதினது. இப்ப சொல்லு, சாவிய வாய்ப்பேச்சிலயா குடுக்க வச்ச?"

"ஆமா."

ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை.

"சரி. உன் ஆளுங்கள தெருவுல நிறுத்தணும்னு என் ஆளு நெனைக்கல. ஆனா அவங்க எந்த உரிமைல உள்ள இருக்காங்கன்னு ஒரு காயிதம் வேணும். எத்தன நாளைக்கு, எவ்வளவு வாடகைக்கு, லோன் கெடைக்கலன்னா என்னைக்கு வெளிய போவாங்கன்னு. எல்லாத்தையும் எழுதிட்டா அப்புறம் அவரு எவ்வளவு எரக்கம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்ல. நீ எழுதுறியா, நான் எழுதவா?"

"நீயே எழுது" என்றேன்.

அவர் எழுதியது ஒரே ஒரு பக்கம். நாலு மாத அவகாசம். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வாடகை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அதற்குள் கடன் கிடைக்காவிட்டால் குறிப்பிட்ட நாளில் வெளியேற வேண்டும், அப்படி வெளியேறினால் முன்பணத்தில் பாதியை மாஸ்டர் திருப்பிக் கொடுப்பார். இந்தக் கடைசி வரி மாஸ்டர் கேட்டுச் சேர்த்தது என்று பிறகு தெரிந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று யாரோ ஒருவர் அவருக்குத் தெளிவாகச் சொன்ன பிறகுதான் அவரால் பயமில்லாமல் நல்லவராக இருக்க முடிந்தது. என்னிடம் இருந்தவரையில் அவர் நல்லவராக இருந்ததெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி.

பங்குனியில் முனியாண்டிக்குக் குருபோங்கிலேயே இன்னொரு கம்பெனியில் லோரி வேலை கிடைத்தது. வேறு வங்கியில் கடன் கேட்டோம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும் என்றார்கள். மூன்றாவது சீட்டு வருவதற்கு முன்னால் அவகாசம் முடிகிறது. வக்கீல் அம்மாளிடம் போய்க் கேட்டேன். போன் செய்யவில்லை, நேரில் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். அவர் மாஸ்டரிடம் பேசிவிட்டு, "மூணு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்றார். இரண்டே வரியில் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அவர் ஆபீசில் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள் என்பது பொய், கேட்டதும் கொடுத்தார்கள்.

அந்த மூன்று வாரத்தில் நாலு நாள் மிச்சம் இருக்கும்போது வங்கி ஒப்புதல் கொடுத்தது. பணம் மாஸ்டருக்குப் போனது, நிலப் பட்டாவான கிராண்டில் லெட்சுமி, முனியாண்டி பெயர் ஏறியது. செய்தி சொன்னபோது லெட்சுமி போனைப் பிடித்துக்கொண்டே அதை முனியாண்டியிடம் சொன்னாள். பக்கத்தில் அவன் இருமுவது கேட்டது.

மாஸ்டர் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் எங்கள் வரிசைக்கு வந்தார். நான் சன்னலில் இருந்து பார்த்தேன். கையில் ஒரு பை பழம். வக்கீல் அம்மாளின் ஆபீசுக்குப் போய் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தார். என் படிக்கட்டைத் தாண்டி நடந்து போனார். ஏறவில்லை. அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அது வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் அதில் நியாயம் இல்லை என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் தொழில் பார்த்தேன். மைலோ கலக்குவதை நிறுத்தவில்லை, அது என் சுபாவம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் வக்கீல் இல்லாமல் வருகிறவர்களுக்கு முதல் நாளே கடிதத்தை நீட்டுவதோடு விடமாட்டேன். என் வாயால், அவர்கள் பேசும் பேச்சில், நான் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்று சொல்லிவிடுவேன். சிலர் முகம் வாடும். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போய் வேறு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்படி எழுந்து போனவர்களால் எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

நீங்களும் அன்பாகப் பேசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் சனங்கள் கடுமையாகப் பேசுகிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பார்கள், அன்பாகப் பேசுகிறவரிடம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். அன்பாகப் பேசுகிற வக்கீலுக்குத்தான் பொறுப்பு அதிகம். இதை எனக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித் தரவில்லை.

நான் ஆபீசை மூடுவதற்கு முந்தின தீபாவளிக்கு லெட்சுமி ஒரு டின் முறுக்கோடு வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், குருபோங்கில் அவளுக்கு ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுக்கப்போகிறார்களாம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கோப்புக்கு அட்டை எடுக்க அலமாரியைத் திறந்தேன்.

"அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. அந்த வீட்டு வேலய அவங்ககிட்ட குடுத்திருக்கேன்" என்று நாலு கடை தள்ளிக் கையைக் காட்டினாள்.

நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள்.

"நீங்க எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி. நல்லது கெட்டதுக்கு மொதல்ல உங்ககிட்டதான் வருவேன். வீடு வாங்கறதுக்கு அக்கா வேணாம்கா, வக்கீலுதான் வேணும்."